நாலாவது ஓடை

வெள்ளிச்சுனை மெட்ரிகுலேஷன் பள்ளியில் வெள்ளியும் கிடையாது, சுனையும் கிடையாது. திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகிற சாலையில், புளியமர நிழல் முடிந்து வெயில் ஆரம்பிக்கிற இடத்தில் அது இருந்தது. அதன் தாளாளர் பெருமாள்சாமி முன்பு ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் லாரி வைத்திருந்தவர். வேடசந்தூர் பக்கத்துப் புஞ்சைக் காடுகளில் அவர் போடாத ஓட்டை இல்லை. தண்ணீர் வந்த ஓட்டைகளைப் பற்றி அவரே சொல்லுவார். வராதவற்றைப் பற்றிச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். பூமிக்குக் கீழே தண்ணீர் வற்றிக்கொண்டே போவதையும் பூமிக்கு மேலே பிள்ளைகள் பெருகிக்கொண்டே வருவதையும் கவனித்து, நல்ல சமயத்தில் தொழிலை மாற்றிக்கொண்டார்.

2002 ஜூனில் சென்னையில் நடந்த பள்ளித் தாளாளர்கள் மாநாட்டுக்கு அவர் போய்வந்தார். அங்கே கோட் போட்ட ஒருவர், பிள்ளைகள் எல்லாம் ஓடும் நீர் என்றும், நல்ல பள்ளி என்பது அவர்களை ஸ்ட்ரீம் ஸ்ட்ரீமாகப் பிரித்து அனுப்புகிற இடம் என்றும் பேசியிருக்கிறார். பெருமாள்சாமிக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை நாள் கல்வி என்றால் ஏதோ தனக்குப் பிடிபடாத விஷயம் என்று அவர் பயந்துகொண்டிருந்தார். கடைசியில் பார்த்தால் அதுவும் தண்ணீர் விவகாரம்தான்.

அடுத்த திங்கட்கிழமை பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார்.

“பெற்றோர் பெருமக்களே! எல்லாத் தண்ணியையும் ஒரே வாய்க்கால்ல விட்டா என்னாகும்? கலங்கிரும். நல்ல தண்ணி உப்புத்தண்ணியோட சேந்தா நட்டம் யாருக்கு? நல்ல தண்ணிக்கு. ஆகையினாலே இன்னையிலேருந்து பத்தாங் கிளாஸ்ல ஏ, பி, சி, டி கிடையாது. நாலு ஓடை. கங்கை, காவேரி, வைகை, குடகனாறு!”

எல்லோரும் கைதட்டினார்கள். குடகனாறு என்ற பேர் கடைசியில் வந்தபோது கைதட்டல் லேசாகத் தடுமாறியது. குடகனாறு எங்கள் ஊர் ஆறு. ஆறு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. அந்த வருஷம் அதில் ஓடியதெல்லாம் மணல் லாரிதான்.

மார்க்கை வைத்துப் பிரித்தால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்பது தாளாளருக்குத் தெரியும். அதனால் தேங்காயை வைத்துப் பிரித்தார். இதில் வெளியூர்க்காரர்கள்தான் ஆச்சரியப்படுவார்கள். எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டவும் போர் போடவும் தேங்காய்தான் இடம் சொல்லும். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு வெறுங்காலோடு காட்டுக்குள் நடப்பார்கள். கீழே ஊற்று இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். அப்படித் தேங்காய் நின்ற இடத்தில் தாலிக்கொடியை அடகு வைத்துத் துளை போட்டுத் தண்ணீருக்குப் பதில் கல்தூள் புகையைப் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர். ஆனாலும் தேங்காயை எதிர்த்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. மார்க்கோடு சண்டை போடலாம், தேங்காயோடு எப்படிப் போடுவது?

பிள்ளைகளைச் செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்தில் வரிசையாக நிற்கச் சொன்னார்கள். பெருமாள்சாமி தேங்காயை ஏந்திக்கொண்டு ஒவ்வொரு பிள்ளை முன்பும் நின்றார். பக்கத்திலேயே நடந்துவந்த பிரின்சிபல் கிளாரா மேடம், அந்தந்தப் பிள்ளையின் போன வருஷ ரேங்கை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். தேங்காய்க்குக் காது நன்றாகக் கேட்டது. முதல் ரேங்க் பிள்ளைக்கு விருட்டென்று எழுந்து நின்றது. மின்வாரியப் பொறியாளர் மகனுக்கு ரேங்கே இல்லாவிட்டாலும் ஒரு மரியாதைக்குச் சாய்வாக நின்றது. மரியசெல்வத்தின் மகள் அனிஷா முன்னால் வந்தபோது, வயிறு நிறைந்த பூனை மாதிரி படுத்தே கிடந்தது.

“குடகனாறு,” என்றார் தாளாளர்.

மரியசெல்வம் அப்போது பின்வரிசை நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைக் குற்றம் சொல்லக் கூடாது. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் அவருக்கு வேலை. முழு நைட்டு பார்த்துவிட்டுக் காலையில் மில் பஸ்ஸில் திண்டுக்கல் வந்து சேருவார். பஞ்சு படிந்த தலையோடு எங்கே உட்கார்ந்தாலும் அங்கே தூங்கிவிடுவார். பூசையில் தூங்குவார், கல்யாணத்தில் தூங்குவார். பஸ்ஸில் அவர் விழித்திருந்து யாரும் பார்த்ததில்லை. விழித்திருக்கும் கொஞ்ச நேரத்தில் அவர் நினைப்பதெல்லாம் ஒன்றுதான். மகள் பத்தாவது பாஸ் பண்ண வேண்டும், அந்த மில் பஸ்ஸில் ஏறக் கூடாது. அவர் ஆயுளில் கேட்டது அவ்வளவுதான்.

கங்கைக்கு ஃபேன் இருந்தது. காவிரிக்கு ஜன்னல் இருந்தது. வைகைக்கு வாத்தியார்களாவது இருந்தார்கள். குடகனாற்றுக்குச் சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய வேப்பமரம் கிடைத்தது. ஓடைக்கு எதற்குக் கூரை என்று தாளாளர் கேட்டது நியாயம்தான். பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் எல்லாப் பாடமும் எடுக்க ஓவிய ஆசிரியர் சோலைமுத்துவை அனுப்பினார்கள். அவர் கணக்கும் எடுத்தார். முக்கோணம் மட்டும் மிக அழகாக வந்தது.

ஒரு மாதம் கழித்து, மனைவி செபாஸ்தியம்மாள் போட்ட சத்தத்தில் தூக்கம் கலைந்து மரியசெல்வம் பள்ளிக்கூடம் போனார்.

“மேடம், பிள்ளைக்குக் கணக்குதான் கொஞ்சம் வராது. வைகையில போட்டுவிட்டீங்கன்னா தேறிக்கிருவா.”

கிளாரா மேடம் பரிவோடு சிரித்தார். “தாராளமா. அதுக்குத்தான் சங்கமம்னு ஒரு ஸ்கீம் வச்சிருக்கோம். சின்ன ஓடை பெரிய ஆத்துல போய்ச் சேரலாம். பேரண்ட் ஒரு தேங்காயோட வரணும்.”

மரியசெல்வம் மறுநாள் தேங்காயோடு போனார். குடுமி இல்லாத தேங்காய் செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்கடுத்த நாள் குடுமியோடு போனார். அன்றைக்கு அஷ்டமி. மூன்றாவது முறை எல்லாம் கூடிவந்து, தாளாளர் தேங்காயை ஏந்தினார். அவர் கையிலேயே கொஞ்ச நேரம் கிடந்தது, எழுந்திருக்கவில்லை.

“லேசா அசைஞ்சுச்சு. நானே பாத்தேன்,” என்றார் கிளாரா மேடம். “அடுத்த வருஷம் கண்டிப்பா ஆயிரும்.”

“அடுத்த வருஷம் அவ பப்ளிக் பரீட்சையே எழுதி முடிச்சிருப்பாளே மேடம்?”

“அது வேற விஷயம் சார். சங்கமம் வேற, பரீட்சை வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.”

மரியசெல்வம் குழப்பிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்து தூங்கினார். தேங்காயைச் செபாஸ்தியம்மாள் சட்னி அரைத்தாள்.

ஐப்பசியிலும் மழை இல்லை. பள்ளியின் பழைய போர் கக்கிக் கக்கி நின்றுவிட்டது. தாளாளர் மீண்டும் தேங்காயை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அது கங்கை வகுப்பின் நடுவில் போய் எழுந்து நின்றது. அறிவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஊற்றும் இருக்கும் என்று அவர் விளக்கம் சொன்னார். கங்கையின் தரையை உடைத்து, சுவரை இடித்து, போர் லாரியை உள்ளே விட்டார்கள். கங்கைப் பிள்ளைகள் காவிரிக்குப் போனார்கள், காவிரிப் பிள்ளைகள் வைகைக்குப் போனார்கள், வைகைப் பிள்ளைகள் வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். குடகனாறு வெயிலுக்கு நகர்ந்தது. அரையாண்டுத் தேர்வு முழுக்க லாரி கத்தியது. ஆங்கில டிக்டேஷனை வாத்தியார் கத்தி வாசிக்க, பிள்ளைகள் வாயசைப்பைப் பார்த்து எழுதினார்கள்.

தொள்ளாயிரம் அடியிலும் புகைதான் வந்தது. சுற்றி நின்ற வாத்தியார்களைப் பார்த்துப் பெருமாள்சாமி, “தேங்கா பொய் சொல்லல. பூமிதான் ஏமாத்திருச்சு,” என்றார். முப்பது வருஷமாக எல்லார் காடுகளிலும் சொன்ன வாசகம் அது. சொந்த இடத்தில் சொன்னபோதும் குரல் மாறவில்லை. அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

அரையாண்டு மார்க் வந்தது. நான்கு ஓடைகளும் வறண்டு கிடந்தன. கங்கையிலேயே நாலு பேர் ஃபெயில். அந்த வாரம்தான் பக்கத்துப் பள்ளிக்காரர்கள் பஸ் ஸ்டாண்டு எதிரே ‘தொடர்ந்து நான்காம் ஆண்டு நூற்றுக்கு நூறு’ என்று பனைமர உயரத்துக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். பெருமாள்சாமி அதைக் காரிலிருந்து பார்த்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று டிரைவர் சொன்னான்.

ஜனவரியில் குடகனாற்றுப் பெற்றோருக்கு மட்டும் அழைப்பு வந்தது. ‘மடைமாற்றும் விழா. சிற்றுண்டி உண்டு.’

மரியசெல்வம் முழு நைட்டு முடித்துவிட்டு நேராக வந்தார். ஷாமியானா போட்டு, வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். வேப்பமரத்தடியிலிருந்து காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டி, சுவரில் ஒரு ஓட்டை போட்டிருந்தார்கள். ஓட்டைக்கு அந்தப் பக்கம் ரோடு. பித்தளைக் குடங்களில் டேங்கர் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு டேங்கர் பின்னால் ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

தாளாளர் பேசினார்.

“அன்புப் பெற்றோரே! நூத்துக்கு நூறு வாங்குறது லேசுப்பட்ட காரியம் இல்ல. மத்த பள்ளிக்கூடத்துல என்ன பண்றாக? படிக்காத பிள்ளையப் படிக்க வைக்கப் பாக்குறாக. அது நடக்குற காரியமா? நான் போர் போட்டவன். தண்ணி வராத எடத்துல நின்னுக்கிட்டே இருந்தா டீசல்தான் செலவு. வண்டிய எடுத்துரணும். உங்க பிள்ளைக பரீட்சை எழுத வேணாம்னு நான் சொல்லல. எழுதட்டும். தனியா எழுதட்டும், அடுத்த வருஷம் எழுதட்டும். எங்க பள்ளிக்கூடத்துப் பேர்ல எழுத வேணாம். அம்புட்டுத்தான். பாசத்துலதான் சொல்றேன்.”

நடைமுறை எளிதாக இருந்தது. பெயரைக் கூப்பிட்டதும் தகப்பனார் மேடைக்குப் போக வேண்டும். ஒரு குடம் தண்ணீரை வாய்க்காலில் ஊற்ற வேண்டும். தண்ணீர் ஓடிப்போய்ச் சுவர் ஓட்டை வழியாக ரோட்டில் விழும். கைதட்டுவார்கள். அப்புறம், சொந்த விருப்பத்தின் பேரில் டி.சி. கேட்பதாக ஒரு தாளில் கையெழுத்து. அதற்கு ஒரு சால்வை.

பக்கத்து நாற்காலியில் ஆண்டிச்சாமி இருந்தார். ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்து ஊர், தக்காளி போடுகிறவர். அவர் மகள் ஜீவிதாவும் அனிஷாவும் ஒரே பெஞ்சு, பெஞ்சு இருந்த காலத்தில்.

“என்ன மரியசெல்வம், கையெழுத்துப் போடப்போறியா?” என்றார் ஆண்டிச்சாமி.

“நீங்கண்ணே?”

“என்ன பண்ணச் சொல்ற? தேங்கா நிக்கலையே அந்தப் பிள்ளைக்கு.”

“உங்க தோட்டத்துல நின்னுச்சே. ரெண்டு போரும் புகையாத்தான போச்சு?”

ஆண்டிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “அதுக்குத் தேங்கா என்ன பண்ணும் அப்பு? நம்ம ராசி.”

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்த் தண்ணீரை ஊற்றினார். வறண்ட காட்டுக்காரர் கை அல்லவா, ஒரேயடியாகக் கொட்ட மனசு வராமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். சால்வையோடு திரும்பி வந்தபோது ஜீவிதா வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். அனிஷா அவள் கையைப் பிடித்தபடி தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் முன்கூட்டியே பள்ளியில் கசிந்திருந்தது; முந்தின நாள் சோறு போடும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள்: “கையெழுத்து மட்டும் போட்றாதீங்கப்பா.”

மரியசெல்வம் அதற்குள் தூங்கிவிட்டார். மைக்கில் மூன்று தடவை கூப்பிட்டு, கிளாரா மேடம் வந்து தோளைத் தட்டி எழுப்பினார்.

“சார், உங்க டர்ன்.”

அவர் எழுந்து நின்றார். குடத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

“நான் போடல மேடம்.”

“ஏன் சார்?”

“தூக்கமா வருது. வீட்டுக்குப் போறேன்.”

இப்படி ஒரு பதிலுக்குப் பள்ளியில் யாரும் தயாராக இல்லை. எதிர்த்துப் பேசுகிறவர்களைச் சமாளிக்கக் கிளாரா மேடத்துக்குத் தெரியும், அழுகிறவர்களையும் தெரியும். கொட்டாவி விடுகிறவரை என்ன செய்வது?

மறுநாளிலிருந்து தினமும் அவரைக் கவுன்சிலிங்குக்கு வரச் சொன்னார்கள். அவரும் வந்தார். மில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே தாளாளர் அறைக்கு வந்து நாற்காலியில் உட்காருவார். தாளாளர் நதிகளைப் பற்றி ஆரம்பிப்பார். காவிரி குடகில் பிறக்கும்போதே மரியசெல்வம் தூங்கிவிடுவார். அந்த அறையில் ஏசி இருந்தது. இருபது வருஷத்தில் அவருக்கு அப்படி ஒரு தூக்கம் வாய்த்ததில்லை. மத்தியானம் பியூன் எழுப்பி அனுப்புவான். செபாஸ்தியம்மாளுக்கே அவர் முகம் தெளிந்திருப்பதாகப் பட்டது.

தேர்வு எழுதுவோர் பட்டியல் அனுப்ப வேண்டிய கடைசி நாளில் தாளாளர் மேஜையைத் தட்டினார். “யோவ், முழிச்சுக்கய்யா! உம் பிள்ளை ஒருத்தி பெயிலானா எம் பள்ளிக்கூடம் தொண்ணூத்தொம்பது ஆயிரும். தெரியுமா உனக்கு?”

“எனக்கு அவ ஒருத்திதான் சார்,” என்றார் மரியசெல்வம். “பெயிலானா எனக்கு மிச்சம் ஒண்ணுமே இருக்காது. எழுதட்டும் சார். மில்லுக்கு மட்டும் அவ வர வேணாம்.”

பெருமாள்சாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். இரக்கமா, தகப்பன் எழுதிக் கொடுக்காமல் டி.சி. கொடுத்தால் வருகிற வம்பை நினைத்தாரா, தெரியாது. பட்டியலில் அனிஷாவின் பெயர் போனது.

அடுத்த இரண்டு மாதம் குடகனாறு ஓடையில் ஒரே ஒரு மாணவி. சோலைமுத்து வாத்தியாரை ஆண்டு விழாத் தட்டி எழுதக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அனிஷா சைக்கிள்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேப்பமரத்தடியில் வைகைப் பிள்ளைகளுக்கு எடுக்கிற கணக்கைக் காதில் வாங்கி எழுதிக்கொண்டாள். கரும்பலகை தெரியாத இடங்களை ஊகித்துக்கொண்டாள்.

பாஸாகிவிட்டாள். கணக்கில் முப்பத்தெட்டு. செபாஸ்தியம்மாள் மாதா கோயிலுக்கு ஓடினாள். மரியசெல்வம் மார்க் தாளை இரண்டு தடவை பார்த்தார். பிறகு சட்டையைக் கூடக் கழற்றாமல் படுத்து, தூங்காமல் அழுதார்.

அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டு எதிரே புது ஃபிளெக்ஸ் வந்தது. பக்கத்துப் பள்ளியின் ஃபிளெக்ஸை விட ஒரு முழம் உயரம். ‘நான்கு ஓடைகளும் நூற்றுக்கு நூறு!’ நடுவில் தாளாளர், கையில் தேங்காய். கீழே வலது ஓரத்தில் அனிஷாவின் படம்: ‘குடகனாறு ஓடை. எழுதியோர் 1. தேர்ச்சி 1.’ படத்துக்காகச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள், அவள் சிரிக்கவில்லை.

பாராட்டு விழாவில் மரியசெல்வத்தை மேடையில் உட்கார வைத்தார்கள். சால்வை அவருக்கும் வந்து சேர்ந்துவிட்டது. தாளாளர் நாத்தழுதழுக்கப் பேசினார்.

“குடகனாத்துல தண்ணி வருமான்னு கேட்டாக. வந்துச்சா இல்லையா? எப்படி வந்துச்சு? தூர் வாரினோம்! அந்த ஓடைய அடச்சுக்கிட்டிருந்த மண்ணை எல்லாம் அள்ளி வெளிய போட்டோம். தண்ணி தானா வந்துருச்சு!”

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அடுத்த வருஷம் குடகனாறு ஓடைக்குத்தான் போட்டி என்று கிளாரா மேடம் அறிவித்தார். தேர்ச்சி விகிதத்தில் அதுதான் தூய்மையானதாம். மின்வாரியப் பொறியாளர் தன் இளைய மகனுக்கு அங்கே இடம் கேட்டு அப்போதே தேங்காயோடு வந்திருந்தார். மரியசெல்வத்துக்குப் பேச வாய்ப்புக் கொடுத்தார்கள். அவர் மைக் முன்னால் நின்று பதினேழு பேரைப் பற்றிக் கேட்கத்தான் நினைத்தார். வாயைத் திறந்ததும் கொட்டாவிதான் வந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

ஆடி மாதம் ஒருநாள், முழு நைட்டு முடிந்து மில் பஸ்ஸில் ஏறினார். மூன்று பேர் சீட்டில் ஓரமாக இடம் கிடைத்தது. கண்ணை மூடப் போனவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணைப் பார்த்தார். தலையெல்லாம் பஞ்சு. ஜீவிதா. அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று முகங்கள் தெரிந்த முகங்களாக இருந்தன. வேப்பமரத்தடி முகங்கள்.

“அண்ணே, நல்லாருக்கீங்களா?” என்றாள். பள்ளிக்கூடத்தில் அவரை அங்கிள் என்று கூப்பிட்டவள். மில்லில் எல்லோரும் அண்ணன்தான், பழகிவிட்டிருந்தாள்.

“நீ எப்பம்மா இங்க வந்த?”

“பொங்கல் கழிச்சு. பதினெட்டு வயசுன்னு சொல்லிக்கச் சொன்னாக.” அவளுக்குப் பதினைந்து நடந்துகொண்டிருந்தது. “அனிஷா எந்த குரூப் எடுத்துருக்காண்ணே?”

எழுந்து அவளை உட்காரச் சொன்னார். “கணக்கு இல்லாத குரூப்பும்மா.”

“நல்லவேளை,” என்று ஜீவிதா சிரித்தாள். உட்கார்ந்த இடத்தில் தலை சாய்ந்தது. “அண்ணே, ஆத்துப்பாலத்துல எறங்கணும். போன வாரம் தூங்கிட்டே திண்டுக்கல் போயிட்டேன், எங்கய்யா வஞ்சுட்டாரு. செத்த எழுப்பி விடுறீங்களா?”

“தூங்கு. நான் எழுப்புறேன்.”

சொல்லி முடிப்பதற்குள் அவள் தூங்கிவிட்டாள். பஸ்ஸில் எல்லோரும் தூங்கினார்கள். மரியசெல்வம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் இழுத்துக்கொண்டு போனது. நாக்கைக் கடித்துக்கொண்டார், ஜன்னலில் வந்த வெயிலில் முகத்தைக் காட்டினார், ஜெபமாலை மந்திரத்தை முதலிலிருந்து சொல்லிப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அந்த ரோட்டைப் பகலில் அவர் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். மைல் மைலாகக் கருகின காடு. இடையிடையே மூடாத போர் குழாய்கள்.

பாலம் வந்தது. கீழே மணல். எழுப்ப மனசே வரவில்லை, இருந்தாலும் எழுப்பினார்.